கப் அளவை கிராமாக மாற்றும்போது

சமையல் குறிப்பில் ஒரு கப் என்று இருந்தால், அது எந்த கப் என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250 மில்லி. உங்களிடம் உள்ள கப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாவிட்டால் தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள். தண்ணீருக்கு மில்லியும் கிராமும் ஒன்றுதான்.

மற்றவை அப்படி இல்லை. 240 மில்லி கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம், வெண்ணெய் 225 கிராம். தேனோ 340 கிராம்!

சிக்கலே மாவில்தான். ஸ்பூனால் அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் மைதா 120 முதல் 125 கிராம். கப்பையே மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஆகிவிடும். கேக் கல்லாகிப்போக இந்த வித்தியாசம் போதும். அதனால் மாவை மட்டும் இரண்டு மூன்று முறை எடை போட்டு, சராசரியை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். (உப்பும் இப்படித்தான்: பொடி உப்பும் கல் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது.)

கால் டீஸ்பூன் ஈஸ்ட், சோடா உப்பு போன்றவற்றைக் கிராமாக்க மெனக்கெட வேண்டாம். சாதாரண சமையலறைத் தராசு அவ்வளவு சிறிய எடையில் தடுமாறும், ஸ்பூனே மேல்.