புது ரைபிளின் டிரிகர் கனமாக இருக்கிறதா?

அமெரிக்காவில் விற்கும் பல வேட்டை ரைபிள்களில், தவறுதலாக வெடித்துவிடக் கூடாது என்று டிரிகரைக் கனமாகவே வைத்து அனுப்புகிறார்கள். 6 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.7 கிலோ இழுக்க வேண்டியிருந்தால் குறி நிச்சயம் ஆடும்.

முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அப்புறம் இழுவிசை அளவியால் பத்து முறை இழுத்துச் சராசரி பாருங்கள். கையேட்டில் டிரிகரின் கனத்தை மாற்றும் திருகு பற்றிச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரூகர் அமெரிக்கன் ரைபிளில் 3 முதல் 5 பவுண்டு வரை நாமே மாற்றலாம். வேட்டைக்கு 3 பவுண்டு தாராளம்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் உள்கொக்கியை அரத்தால் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். இழுக்காமலே வெடிக்கும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. திருகு இல்லையென்றால் டிம்னி போன்ற மாற்று டிரிகரைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்துங்கள்.

மாற்றியதும், வெறும் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் தண்டை, வேகமாக அடித்து மூடுங்கள். அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். சேஃப்டி போட்டு டிரிகரை இழுத்துவிட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். எதிலாவது ‘டிக்’ என்று சுடும் ஊசி விழுந்தால் அந்த ரைபிளில் தோட்டா போடாதீர்கள்.