ஈர மாவில் கிரியோல் பொரிச்ச கோழி, நாகர்கோவில் அடுப்பில்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1957-இல் மதுக்கடையாகத் தொடங்கி, பிறகு குடும்ப உணவகமாக வளர்ந்தது வில்லி மேஸ் ஸ்காட்ச் ஹவுஸ். அதன் கோழிக்குப் பேர் வாங்கித் தந்தது ஈர மாவு. அந்த வட்டாரத்துக் கலப்புச் சமையலான கிரியோல் பாணியை இங்கே செய்ய ஒரு வழி இது.

கறிக்கடையில் தோலை உரித்துவிடுவார்கள். முன்கூட்டியே "தோலோட வெட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கிலோவுக்கு எட்டுத் துண்டு போதும். 15 கிராம் உப்பு, ஒரு கரண்டி வற்றல்மிளகாய்த் தூள், பூண்டு விழுது, மிளகுத்தூள் புரட்டி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மாவுக்கு மைதா 200 கிராம், ஒரு முட்டை, உப்பு, மிளகாய்த்தூள். குளிர்ந்த பாலும் தண்ணீரும் சேர்த்துத் தோசைமாவைவிடச் சற்று இளக்கமாகக் கலக்குங்கள். கோழியை மெல்லிய துணியால் ஒற்றிய பிறகே முக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மாவு எண்ணெயிலேயே கழன்றுவிடும். பலருக்கும் பிழைப்பது இங்கேதான்.

நம் ஊர் தேங்காய் எண்ணெய் மணம் அருமைதான், ஆனால் செக்கு எண்ணெய் பொரிக்கும் சூட்டில் சீக்கிரம் புகையும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் எடுங்கள். 170 டிகிரியில் மூன்று நான்கு துண்டாகப் போட்டு, சூடு 160-க்குக் கீழே இறங்காமல் 13 முதல் 15 நிமிடம் பொரியுங்கள். நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடிக்கும். எலும்பருகே 75 டிகிரி வந்தால் வெந்துவிட்டது.

எடுத்ததும் கம்பி வலைமேல் வையுங்கள், மூடாதீர்கள். கடற்காற்று ஈரத்தில் மொறுமொறுப்பு வெகுநேரம் நிற்காது. பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகே பொரிக்கத் தொடங்குங்கள்.