பழைய நிண்டெண்டோ கன்சோலைப் பிரித்துப் பார்க்கும் முறை

பழைய வீடியோ கேம் கன்சோல் ஒன்றை முதன்முதலாகப் பிரிக்க விரும்புபவர், 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சாம்பல் நிறப் பெட்டியான நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டத்தில் தொடங்குவது நல்லது. அதன் அடியிலுள்ள ஆறு திருகுகளையும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவராலேயே கழற்றிவிடலாம். வீட்டு மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைக்கும் அடாப்டர் வெளியே தனியாக இருப்பதால், உள்ளே உயர் மின்னழுத்தம் இல்லை என்பது அதைவிடப் பெரிய வசதி. 1994இல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷன் அப்படிப்பட்டதன்று. மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருப்பதால், வயரைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர் அதைத் திறக்காமலிருப்பதே சரி.

எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றி, மீண்டும் நிமிர்த்தி மேல்மூடியைத் தூக்கவும். முதலில் கண்ணில் படுவது ரேடியோ அலைக் குறுக்கீட்டைத் தடுக்கும் தகட்டு உறை. அதை எடுத்தால், விளையாட்டு பதிந்திருக்கும் செருகுபெட்டியான கேட்ரிட்ஜைத் தாங்கும் கறுப்புத் தட்டு தெரியும். தட்டின் திருகுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஆகவே எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதை ஒரு தாளில் படமாக வரைந்து, அதன்மேலேயே ஒட்டி வைக்கவும். நினைவை நம்புபவரிடம் கடைசியில் ஒரு திருகு மிஞ்சும். முன்புறத்திலிருந்து வரும் இணைப்பு வயர்களை, வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கைப் பிடித்தே கழற்றவும்.

போர்டை வெளியே எடுத்துச் சிப்கள் உள்ள பக்கத்தைப் பார்த்தால், 2ஏ03 என்ற குறியுள்ள செயலியும் 2சி02 என்ற குறியுள்ள படச் சிப்பும் எளிதில் அகப்படும். விநாடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புகளில் இயங்கும் செயலிக்குள்ளேயே ஒலியை உண்டாக்கும் பகுதியும் அடங்கியிருக்கிறது. அது வேலை செய்யக் கிடைக்கும் நினைவகமோ வெறும் 2 கிலோபைட்தான்.

போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் 72 முள் கனெக்டரைத்தான் நேரமெடுத்துப் பார்க்க வேண்டும். கேட்ரிட்ஜை உள்ளே தள்ளிக் கீழே அமுக்கும் ஏற்பாட்டினால், அதன் முட்கள் ஆண்டுக்கணக்கில் வளைந்து பிடிப்பை இழக்கின்றன. தொடர்பு சரியாகக் கிடைக்காதபோது, கேட்ரிட்ஜின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் பூட்டுச் சிப் செயலியை ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். பலரும் அறிந்த சிவப்பு விளக்குச் சிமிட்டல் இதனால் வருவதுதான். அதற்காகக் கேட்ரிட்ஜுக்குள் வாயால் ஊதுவது வேண்டாத வேலை. மீண்டும் செருகியதால் சரியானதை ஊதியதால் சரியானதாக நினைத்துக்கொள்கிறோம். எச்சில் ஈரமோ உலோகத்தை அரிக்கவே செய்யும். கனெக்டரை நேராக இழுத்துக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் போர்டின் விளிம்பைத் துடைத்து, நன்றாக உலர விடவும்.

கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பூட்டவும். பிளாஸ்டிக் துளையில் திருகை வைத்ததும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால், பழைய புரி சேரும் இடத்தில் திருகு சற்றே உள்ளிறங்கும். அதன் பிறகே வலப்பக்கமாக முறுக்கி, இறுகியவுடன் நிறுத்திவிடவும்.