3.6 விநாடி எங்கே போனது?

கச்சேரிப் பதிவு ஒன்றில், எடிட்டர் தந்த டைம்கோடுபடி (மணி:நிமிடம்:விநாடி:ஃபிரேம் என்று இடத்தைக் குறிக்கும் எண்) ஒவ்வொரு பாட்டையும் பிரவுசரில் தனித்தனியாக ஓடவிட வேண்டும். முதல் பாட்டு சரியாக வந்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும், முந்தைய பாட்டின் கைதட்டலே கேட்டது.

01:00:00:00 என்பதை 3600 விநாடி என்று எடுத்திருந்தேன். வீடியோவோ விநாடிக்கு 29.97 ஃபிரேம், டைம்கோடு டிராப் ஃபிரேம் இல்லாத வகை; அதாவது எந்த எண்ணையும் தாண்டாமல், விநாடிக்கு 30 ஃபிரேம் என்றே எண்ணிக்கொண்டு போகும். அந்த இடம் 1,08,000-ஆவது ஃபிரேம், அதாவது 3603.6 விநாடி. 29.97 என்பது துல்லியமாக 30,000/1001; அதனால் ஃபிரேம் எண்ணை 1001-ஆல் பெருக்கி 30,000-ஆல் வகுத்தேன். தொடக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்புறம் பாட்டின் முடிவு. வீடியோ எங்கே ஓடுகிறது என்று பிரவுசர் சொல்லும் ‘டைம்அப்டேட்’ நிகழ்வு ஏறக்குறைய கால் விநாடிக்கு ஒருமுறைதான் வந்தது. அதற்குள் அடுத்த ஆலாபனையின் முதல் ஸ்வரம் கசிந்துவிடும். அது எனக்குப் பொறுக்கவே இல்லை. ‘ரிக்வெஸ்ட் வீடியோ ஃபிரேம் கால்பேக்’ என்ற பிரவுசர் வசதியை வைத்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து நிறுத்தினேன். இப்போது கைதட்டல் அடங்கும் இடத்திலேயே நிற்கிறது.