பாம்பன் ஜெராக்ஸ் கடையிலிருந்து: போனில் இருக்க வேண்டிய சில தளங்கள்

பாம்பனில் பதினான்கு வருடமாக ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருகிற எல்லார் கையிலும் நல்ல போன் இருக்கிறது, நெட்டும் இருக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறப்பது என்று தெரியாததால் காசும் நேரமும் போகிறது. போன மாதம் என் சித்தி வெளியூரில் ஒரு கடையில் பட்டா நகலுக்கு 350 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற காகிதம் அது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். அண்ணன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ராத்திரி சாப்பிட்டதும் போன் வரும். "தங்கச்சி, விடியக்காலம் காத்து எப்படி?" ராமேஸ்வரம் வானிலை என்று கூகுளில் தேடினால் 31 டிகிரி, மேகமூட்டம் என்று வரும். வெயில் எவ்வளவு என்பதை வைத்துக்கொண்டு படகை இறக்க முடியுமா? அவருக்காகத்தான் மூன்று தளங்களை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

ஒன்று விண்டி டாட் காம். செக் நாட்டுக்காரர் ஒருவர் 2014இல் தொடங்கியது. வரைபடத்தின் மேல் காற்று ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே எல்லாரும் செய்கிற தவறு, ராமேஸ்வரம் என்று எழுதித் தேடி ஊரின் நடுவில் காட்டுகிற காற்றைப் பார்ப்பது. அப்படிப் பார்க்காதீர்கள். பாலத்துக்கு வடக்கே கடலில் ஓர் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பாலத்துக்குத் தெற்கே ஓர் இடம். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் குமுறும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கிற கச்சான் காலத்தில் இது தலைகீழ். நம் ஆட்கள் படகை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றுவதே இதற்காகத்தானே. இரண்டு இடத்தையும் பிடித்தமானவை பட்டியலில் சேமித்து வைத்துவிட்டால் அடுத்த முறை ஒரே தொடலில் வந்துவிடும்.

வேகம் 'நாட்' கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், 20 நாட் என்றால் 37 கிலோமீட்டர். காற்றுப் படத்தை அலைப் படமாகவும் மாற்றலாம். இன்னொரு முக்கியமான விஷயம்: விண்டி ஒரு வானிலை அலுவலகம் இல்லை. பெரிய கணினிகள் போடுகிற கணக்கை எடுத்துப் படமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதில் ஐரோப்பியக் கணக்கும் உண்டு, அமெரிக்கக் கணக்கும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். ஒன்று 12, இன்னொன்று 25 என்றால் அந்த நாளைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம், மறுநாள் மறுபடி பாருங்கள். ஐந்து நாளைக்கு மேல் காட்டுவதை நான் அண்ணனிடம் சொல்வதே இல்லை.

இரண்டாவது, ஹைதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம், இன்காய்ஸ். முகவரி இன்காய்ஸ் டாட் கவ் டாட் இன். அலை உயரம், நீரோட்டம் எல்லாம் இங்கே கிடைக்கும். அதைவிட இரண்டு விஷயத்துக்காக இதைத் திறக்க வேண்டும். முதல் விஷயம், காற்றே இல்லாமல் கடல் ஏறுகிற எச்சரிக்கை. எங்கோ இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் கிளம்பின புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். வானம் வெளுத்திருக்கும், கொடி அசையாது, ஆனால் தென்கடல் கரையில் கட்டியிருக்கிற வல்லம் மோதி உடையும். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் கண்டிப்பாக இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று மீன் இருக்கக்கூடிய இடம். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், நீரில் இருக்கிற பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. இரை எங்கே இருக்கிறதோ அங்கே மீன் கூடும் என்கிற கணக்கு. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர், ஆழம் என்ன என்று தமிழிலேயே தருகிறார்கள். மேகம் மூடின நாளில் வராது, செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் கிழக்குக் கரைக்கு வராது. தளம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது சென்னை வானிலை மையத்தின் பக்கம். தமிழில் மீனவர் எச்சரிக்கை வரும். மன்னார் வளைகுடா என்று அதில் பெயர் இருந்தால், விண்டி எவ்வளவு அமைதியாகக் காட்டினாலும் போகக்கூடாது. விசைப்படகுக்கு அன்றைக்கு அனுமதிச் சீட்டும் கிடைக்காது. 1964 டிசம்பரில் புயலில் சிக்கிய ரயிலில் தனுஷ்கோடிக்குப் போனவர்கள் கையில் இப்படி ஒரு தாள்கூட இல்லை. வீட்டில் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

சரி, கரைக்கு வருவோம். பட்டா, சிட்டா, நிலத்தின் புலப்படம் எல்லாம் இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் தளத்தில் இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண். போனுக்கு ஓடிபி வரும், போட்டால் காகிதம் வந்துவிடும். காசு கிடையாது. பிரிண்ட் எடுக்க மட்டும் எங்களைப் போன்ற கடைக்கு வாருங்கள். வில்லங்கம் பார்க்க டிஎன்ரெஜிநெட். முகவரி முடிவில் 'டாட் கவ் டாட் இன்' இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பட்டா என்று தேடினால் அரசு முத்திரை மாதிரியே படம் போட்ட தனியார் பக்கங்கள் முதலில் வந்து நிற்கும். பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது இல்லை. நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டின் அர்த்தம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பூட்டு சொல்லாது.

ரயிலுக்கு ஐஆர்சிடிசி, எல்லாருக்கும் தெரியும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். தட்கலுக்கு ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள், காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்து இணைக்க நேரம் இருக்காது.

போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலோடு அந்தப் போனையே முடக்கலாம், எடுத்தவர் வேறு சிம் போட்டாலும் வேலை செய்யாது. இதற்கு ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்தி, வருகிற எண்ணை ரேஷன் கார்டு உறைக்குள் எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். கடைக்கு வந்த ஒரு அக்காவின் பெயரில் அவர் வாங்காத இரண்டு எண் இருந்தது. அங்கேயே 'இது என் எண் அல்ல' என்று கொடுத்தோம்.

பணம் ஏமாந்துவிட்டால் யோசிக்காமல் 1930க்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும். உடனே சொன்னால் வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, மனசுக்கு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற தமிழ் நூல் தளத்தில் சங்கப் பாட்டிலிருந்து எல்லாம் இலவசமாக இருக்கிறது. நம் தனுஷ்கோடிக் கரை ஆலமரத்தையும் அதில் அடங்கிப்போன பறவைச் சத்தத்தையும் சொல்லுகிற ஒரு பாட்டை அங்கேதான் என் மகன் கண்டுபிடித்தான். தடைக்காலத்தில் அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தபோது சத்தமாகப் படித்துக் காட்டினான். அண்ணன் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். போனில் படிக்கிறவர்கள் பிடிஎஃப் எடுக்காமல் யூனிகோட் பக்கத்தைத் திறங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும்.

இந்தத் தளங்களை ஒவ்வொரு முறையும் தேடாதீர்கள். ஒருமுறை சரியான முகவரியில் திறந்து, குரோமின் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, 'முகப்புத் திரையில் சேர்' கொடுங்கள். சித்தியின் போனில் நான்கு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்: பட்டா, ரயில், சஞ்சார் சாத்தி, இன்காய்ஸ். நேற்று அவரே பட்டாவைத் திறந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.