வாரம் ஒரு வீடு: நோயாளி வீட்டுக்குப் போகிற தன்னார்வலருக்கு

குடியாத்தம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "நாங்களும் ஏதாவது செய்யணும்மா" என்று வரும் காலேஜ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பழம், பிரெட் கொடுத்து போட்டோ எடுக்கும் சேவையை விடுங்கள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட, கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிற வீடு ஊருக்கு ஊர் கூடிக்கொண்டே போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதை வேளாவேளைக்குச் சாப்பிட்டார்களா என்று பார்க்கத்தான் ஆள் தேவை. இனி உங்கள் வேலை அங்கேதான்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸைப் பாருங்கள். எந்த வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வீடு போதும். ஆனால் கிழமை மாறக்கூடாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா அந்தக் காலத்தில் வேலூரிலிருந்து குடியாத்தம் ரோட்டில் வாரா வாரம் மருந்தோடு வருவார். வண்டி வரும் என்று நம்பித்தான் ஜனம் மரத்தடியில் காத்திருந்தது.

உள்ளே போனதும் நோயை விசாரிக்காதீர்கள். "இன்னா ஆயா, கூழு குடிச்சியா?" என்று ஆரம்பியுங்கள். பேச்சுவாக்கில் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். தீர்ந்திருக்க வேண்டிய அட்டை பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் "நல்லாத்தானே கீறேன்" என்று ஆயா நிறுத்தியிருக்கும். திட்டாதீர்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரைக் கவரில் சூரியனும் ராத்திரிக் கவரில் நிலாவும் பேனாவால் வரைந்து கொடுங்கள்.

பி.பி. பார்க்கக் கற்றுக்கொண்டால், டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய ஐந்து நிமிஷம் உட்காரட்டும். பட்டையை ஜாக்கெட் கைக்கு மேல் சுற்றாதீர்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது டாக்டர் வேலை. வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

படுத்த படுக்கையாக இருப்பவரிடம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் ஆரம்பம். அங்கே தேய்க்கக்கூடாது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள். நம்ம ஊர் மே மாசத்தில் ரெக்ஸின் விரிப்பு வேர்த்து ஊறிவிடும். மேலே பழைய வேட்டியை விரித்து, நனைய நனைய மாற்றச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் பாதத்தையும் விரலிடுக்கையும் விடாதீர்கள்.

ஏ.டி.எம். கார்டு, ஆதார் எதையும் கையில் வாங்காதீர்கள். பெரியம்மாவைக் குளிப்பாட்ட பெண் பிள்ளைதான் போக வேண்டும்.

வேலை கிடைத்து வெளியூர் போவதாக இருந்தால் முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லி, அடுத்து வரப்போகிற ஆளைக் கூட்டிப்போய் ஆயாவுக்குக் காட்டிவிட்டு, நோட்டையும் அந்தப் புது ஆள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.