டிரேட் பிழையோ எண்டு வாதாட முதல்

பின்னேரம் கோர்ட்டில விளையாடி முடிய, நல்லூரடியில பிளேன்ரீயோட எங்கட பெடியளுக்கு இந்தக் கதைதான்: அமெரிக்க NBA கூடைப்பந்தில டலஸ் அணி லூக்கா டொன்சிச்சை டிரேட் பண்ணினது, அதாவது வேற அணியோட வீரர் மாத்தினது, பிழையோ? முதல்ல, டிரேட் நடந்தண்டைக்கு என்ன தெரியும் எண்டதைப் பாருங்கோ. 2025 பெப்ரவரியில டலஸ் 25 வயது லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸுக்குக் குடுத்திச்சுது. வந்தது 31 வயது அன்ரனி டேவிஸ், மக்ஸ் கிறிஸ்ரி, 2029இல புது வீரரை எடுக்கிற முதல் சுற்றுத் தெரிவு ஒண்டு. முந்தின வருசம்தான் லூக்கா அணியை இறுதிப்போட்டி வரைக்கும் கொண்டுபோனவர்! வயதை முதல் வையுங்கோ. ஆறு வருசமெண்டது ஒரு வீரனுக்குப் பெரிய காலம்.

டிரேட் சரியெண்டுற எதிர்ப்பக்கம் டேவிஸின்ர தற்காப்பு ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் முழுக்கக் கேளுங்கோ, அதில நியாயமிருக்கு.

பேந்து புது வீரரை ஆர் முதல் எடுக்கிறது எண்ட குலுக்கலில டலஸுக்கு முதலிடம் விழுந்து, இளம் வீரர் கூப்பர் பிளாக் கிடைச்சதைக் கணக்கில சேர்க்காதேங்கோ. அது 1.8 வீத அதிஷ்டம், டிரேட்டின்ர கெட்டித்தனமில்லை. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டதைச் சேர்க்கலாம். அவருக்குக் காயம் புதுசில்லை.